பழைய ராணுவ விமானம் வர வேண்டுமா? வானிலை வரம்பை முதலில் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதன் மேலே விமானப்படையின் பழைய சரக்கு விமானமான டகோட்டாவையும் பயிற்சி விமானமான ஹார்வர்டையும் ஒருமுறையாவது பறக்க வைக்க வேண்டும் என்று ஊர் இளைஞர்கள் சிலர் மனு தயாரித்திருக்கிறார்கள். நல்ல ஆசை. நானும் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் மனுவில் "மே மாத விடுமுறையில், மாலை நான்கு மணிக்கு" என்று எழுதியிருக்கிறார்களே, அதுதான் கவலை. விமானப்படையின் வானிலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய விமானத்துக்கு அதைவிட மோசமான நேரத்தை நம் ஊரில் தேடிப் பிடிக்க முடியாது.

சித்திரை, வைகாசி மாலையில் இங்கே என்ன நடக்கும்? பகலெல்லாம் கொளுத்திவிட்டு மூன்று மணிக்கு மேல் மேகம் கோபுரமாக எழும். மழை திருமயம் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே இங்கே புழுதி கிளம்பிவிடும். இடிமேகத்திலிருந்து கீழே விழும் குளிர்காற்று தரையில் மோதி நாலாபக்கமும் பாய்வதால் வருவது அது. மழைக்கு 20 கிலோமீட்டர் முன்னாலும் வந்துவிடும். திசையும் வேகமும் ஒரு நிமிடத்தில் மாறிப்போகும். பறக்கும் முன் நடக்கும் காலை விளக்கக் கூட்டத்தில் விமானிகள் எங்களிடம் முதலில் கேட்பதே காற்றைத்தான்: எந்தத் திசை, எத்தனை நாட் (மணிக்கு 1.85 கிலோமீட்டர் ஒரு நாட்), திடீர் வீச்சு உண்டா?

பழைய விமானங்களுக்கு இந்தக் கேள்வி உயிர்க்கேள்வி. டகோட்டா, ஹார்வர்ட், இரட்டை இறக்கைப் பயிற்சி விமானமான டைகர் மாத் மூன்றும் வாலைத் தரையில் ஊன்றி நிற்பவை. எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இறங்கி ஓடும்போது குறுக்குக் காற்று வாலைத் தள்ளினால், விமானம் தன் போக்கில் சுற்றிக்கொள்ளப் பார்க்கும். இறக்கை தரையில் உரசும், சக்கரத்தின் கால் முறியும். ஹார்வர்டில் பயிற்சி எடுத்தவர்கள் எல்லோரும் இதற்குப் பயந்தவர்கள்தான். டைகர் மாத் இன்னும் லேசு. மரமும் துணியும் சேர்ந்த இறக்கை, வெறும் எடை அரை டன், ஆதியில் பிரேக்கே கிடையாது.

வெயிலும் சும்மா விடாது. 40 டிகிரியில் காற்று, கணக்குக்கு வைத்துக்கொள்ளும் 15 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ எட்டு சதவீதம் லேசாகிவிடும். நம் சமவெளியில் நின்றாலும் விமானத்துக்கு 3000 அடி மலைமேல் நிற்பது போலத்தான். இறக்கைக்குத் தூக்கும் பலம் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு குறையும், ஓடுதளம் நீளமாக வேண்டும்.

மனு தயாரித்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "தஞ்சாவூர் சுகோய் போர் விமானம் எந்த வானத்திலும் போகுதே ஐயா, இது ஏன் போகாது?" நியாயமான கேள்விதான். சுகோயில் ரேடார் இருக்கிறது, மேகத்தைக் கண்டு ஒதுங்கலாம். இரண்டு ஜெட் எஞ்சின்களின் பலமும் இருக்கிறது. பழைய பிஸ்டன் எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இருக்கிறது. உள்ளே பெட்ரோல் ஆவியாகும்போது அங்கே வெப்பம் 20 டிகிரிக்கு மேல்கூடக் குறையும். வெளியே 25 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே பனிக்கட்டி பிடித்து எஞ்சினை அடைக்கும். அதுவும் சக்தியைக் குறைத்து இறங்கும் நேரத்தில். வெந்நீர் ஊற்றுகிற மாதிரி சூடான காற்றை அனுப்ப ஏற்பாடு உண்டு. விமானி அதை உரிய நேரத்தில் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம் என்று நான் சொல்வதற்குத் தாழ்ந்த மேகத்தோடு இதுவும் காரணம்.

"போரில் மழையிலும் பறந்ததே" என்பார்கள். பறந்தது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படையைக் கொண்டுபோய் இறக்கியது டகோட்டாதான். அந்த விமானத்தின் விபி 905 என்ற எண்ணைத்தான் 2018இல் புதுப்பித்து வந்த டகோட்டா இன்று சுமக்கிறது. அதற்கு முன் இரண்டாம் உலகப் போரில் இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன பாதையில் நூற்றுக்கணக்கான விமானங்கள் தொலைந்தன. மோசமான வானிலை அதற்குப் பெரிய காரணம். போர் அப்படி ஒரு விலையைக் கேட்டது. வேடிக்கை பார்க்க வந்த நமக்கு அதைக் கேட்க உரிமை இல்லை.

2018 ஆகஸ்ட் 4 அன்று சுவிட்சர்லாந்தில் 1939இல் கட்டிய யுங்கர்ஸ் 52 என்ற பழைய விமானம் மலையில் விழுந்து அதில் இருந்த 20 பேரும் இறந்தார்கள். அது ஒருகாலத்தில் அந்நாட்டு விமானப்படையில் இருந்த விமானம். குறுகிய பள்ளத்தாக்கில் தாழ்வாக, வேகமும் குறைவாக, திரும்ப வழி வைக்காமல் ஓட்டினார்கள் என்றது விசாரணை. அங்கே காற்றும் கொந்தளித்தது. கொந்தளிப்பைத் தாங்க மிச்ச உயரமோ மிச்ச வேகமோ கையில் இல்லை.

கண்ணால் பார்த்து ஓட்டும் விமானத்துக்குச் சட்டம் கேட்பது, தாழ்வான உயரங்களில் 5 கிலோமீட்டர் பார்வைத்தூரம், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1500 மீட்டர், மேலும் கீழும் 300 மீட்டர் இடைவெளி. விமான நிலையக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் மேக அடித்தளம் 1500 அடிக்குக் குறைந்தால் புறப்படவோ இறங்கவோ கூடாது. இது எல்லா விமானத்துக்குமான குறைந்தபட்சம். எண்பது வயது விமானத்துக்கு இதை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது என் கருத்து: 10 கிலோமீட்டர் பார்வை, 3000 அடி மேக அடித்தளம், சுற்று வட்டாரத்தில் இடிமேகமே கூடாது. குறுக்குக் காற்றுக்கு அந்தந்த விமானத்தின் கையேடு சொல்வதற்கும் கீழே ஒரு எண். இதெல்லாம் நிகழ்ச்சிக்கு முன்பே தாளில் எழுதி அறிவிக்கப்பட வேண்டும். தலைமை விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு "கொஞ்சம் பார்த்துப் பறங்களேன்" என்று விமானியிடம் கேட்கும் நிலையே வரக் கூடாது.

கூட்டத்தையும் நினைக்க வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் டகோட்டாவும் ஹார்வர்டும் பறந்ததைப் பார்த்தோம்; அதே நாள் வெயிலில் ஐந்து பேரை இழந்தோம். விமானத்துக்கு ஆகாத வேளை மனிதருக்கும் ஆகாது.

ஆகவே மாசி மாதம் கேளுங்கள். காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழாக் கூட்டம் சேர்வதற்குள், காலை மூடுபனி கலைந்த பிறகு எட்டிலிருந்து ஒன்பதரைக்குள். மாற்று நாள் ஒன்றையும் மனுவிலேயே எழுதுங்கள். ரத்து என்றால் மக்கள் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் சொல்லிவிட வேண்டும். அதற்கு விடியற்காலை வானிலை அறிக்கையைப் பார்த்து முடிவெடுக்கும் ஒருவரின் பெயரை மாவட்ட நிர்வாகம் முன்பே குறிக்கட்டும். இந்தத் திருத்தங்கள் ஏறியதும் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை வானிலைப் பிரிவு ஊழியர்,
கானாடுகாத்தான்.