உங்கள் கோப்புகளை நாங்கள் அழிக்கவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம் பக்கங்களிலிருந்து லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கணினி பழுதுபார்க்கும் நம் கடைக்கு வரும் எல்லாரும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம். பத்து நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஒரு குரல்பதிவுக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் மடல் நீண்டுவிட்டது.

"அந்தக் கடையில் சர்வீசுக்குக் கொடுத்தால் டெஸ்க்டாப்பில் இருந்ததெல்லாம் போய்விடும், போட்டோவையெல்லாம் அழித்துவிடுவார்கள்" என்பது அந்தப் பேச்சு. அந்தக் குரல்பதிவில் சொல்லப்படும் லேப்டாப்பில் நடந்ததை இங்கே விரிக்கமாட்டோம். அது அதைக் கொடுத்த குடும்பத்தின் விஷயம், அவர்களிடமே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் "அழித்துவிடுவார்கள்" என்ற சொல் எங்களை மிகவும் வருத்துகிறது. இன்று விற்கும் கணினிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்தால், அந்தச் சொல்லை எங்கள்மேல் போடமாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

புது விண்டோஸ் 11 கணினியை முதல்முறை ஆன் செய்யும்போதே இணையமும் மைக்ரோசாப்ட் கணக்கும் கேட்கும். கணக்கு இல்லாமல் உள்ளே போகும் குறுக்குவழிகளை ஒவ்வொன்றாக அடைத்து வருகிறார்கள். கணக்கைக் கொடுத்து முடித்ததும், 2024-இலிருந்து பல கணினிகளில் தனியாக ஒரு வார்த்தை கேட்காமலே மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பிடமான (கிளவுட்) ஒன்டிரைவின் 'ஃபோல்டர் பேக்கப்' ஓடத் தொடங்கிவிடுகிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களும் அப்போது ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறுகின்றன. திரையில் பார்த்தால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் உங்கள் டெஸ்க்டாப்பின் முகவரி, சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஒன்டிரைவ், டெஸ்க்டாப் என்று ஆகியிருக்கும். பழைய முகவரியை மனதில் வைத்திருக்கும் பில்லிங் மென்பொருள் பழைய டெஸ்க்டாப் ஃபோல்டரிலேயே கோப்பை எழுதும், நீங்கள் புது டெஸ்க்டாப்பில் தேடுவீர்கள். "நேற்று சேமித்த பில் எங்கே?" என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

பேக்கப் என்றால் நாமெல்லாம் இன்னொரு பிரதி என்றுதான் புரிந்துகொள்கிறோம். இங்கே நடப்பது அது அல்ல, ஒத்திசைவு. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபி (2016 வரை 15 ஜிபி கொடுத்தார்கள், பிறகு குறைத்துவிட்டார்கள்). போன் போட்டோ ஒன்று 4 எம்பி என்று வைத்தால் 1,250 போட்டோவில் இடம் தீர்ந்துவிடும். ஒரு கல்யாணத்துக்கே போதாது. நிரம்பியதும் சிவப்பு எச்சரிக்கை வரும், அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிக்கு வரும் மின்னஞ்சலும் நின்றுபோகலாம். பயந்துபோய் பலர் செய்வது, பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து, "இது கிளவுட்டில் இருப்பதுதானே, கணினியில் இருக்கிறதே" என்று பழைய போட்டோக்களை அழிப்பது. அடுத்த முறை கணினி இணையத்தில் சேரும்போது அங்கேயும் அவை போய்விடும். ஒன்டிரைவ் தளத்தின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும். அதற்குள் தெரிந்தால் மீட்கலாம்.

அடுத்தது, எங்கள் வேலையை நேரடியாகத் தொடும் விஷயம். டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடிக்க ஒன்டிரைவ் பல கோப்புகளின் பெயரை மட்டும் கணினியில் வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தைக் கிளவுட்டில் வைக்கிறது. கோப்பின் பக்கத்தில் இருக்கும் சின்னத்தைப் பாருங்கள். நீல நிற மேகம் என்றால் கோப்பு கணினியில் இல்லை. வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் என்றால் இப்போதைக்கு இருக்கிறது, இடம் குறைந்தால் மறுபடி கிளவுட்டுக்குப் போகலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் என்றால்தான் நிலையாக உங்கள் கணினியில் இருக்கிறது. சின்னம் புரியவில்லையென்றால் கோப்பை ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். 'சைஸ்' 3 எம்பி என்றும் 'சைஸ் ஆன் டிஸ்க்' பூஜ்யம் என்றும் இருந்தால், உங்களிடம் இருப்பது பெயர்ப்பலகை மட்டுமே.

இப்படிப்பட்ட லேப்டாப்பின் டிஸ்க்கை நாங்கள் எவ்வளவு கவனமாகப் பிரதி எடுத்தாலும், பிரதியிலும் பெயர்ப்பலகைதான் வரும். புது விண்டோஸ் ஏற்றியபின் அதே கணக்கில் நுழைந்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். அந்தக் கணக்கே யாருடையது என்று தெரியாவிட்டால்தான் சிக்கல். லேப்டாப் விற்ற கடைப்பையன் தன் கையிலிருந்த ஒரு மின்னஞ்சலைப் போட்டிருப்பார். அல்லது ஊரிலுள்ள அண்ணன் மகன் தன் எண்ணைக் கொடுத்திருப்பார், ஓடிபி அந்த எண்ணுக்குப் போகும், அந்த சிம் இப்போது இருக்காது. கோப்பு எங்கோ ஒரு சர்வரில் பத்திரமாக இருந்தும் திறக்க வழியில்லாமல் நிற்போம்.

"ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுக்க முடியாதா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அழித்த கோப்பு வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும், தோண்டி எடுத்துக் கொடுத்திருக்கிறோம். இப்போதுள்ள, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்கில் 'ட்ரிம்' என்ற கட்டளை, அழித்த இடத்தைச் சும்மா இருக்கும் நேரத்தில் துடைத்துவிடும். அதற்குப்பின் எந்த மென்பொருளாலும் பெரும்பாலும் பயனில்லை. நீல மேகக் கோப்போ டிஸ்க்கில் இருந்ததே இல்லை. இல்லாததை யாராலும் தோண்ட முடியாது.

ஒன்டிரைவ் வேண்டாம் என்று நினைப்பவர்கள் அவசரப்பட்டு அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். வரிசையாகச் செய்யுங்கள். முதலில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஒன்டிரைவ் ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள். எல்லாம் முழுப் பச்சையாகும்வரை காத்திருங்கள். 40 ஜிபி இருந்தால் 40 எம்பிபிஎஸ் வீட்டு இணைப்பில் இரண்டேகால் மணி நேரம் ஆகும், போன் ஹாட்ஸ்பாட்டில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். பிறகு எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள், ஒன்டிரைவிலிருந்து கட் செய்தால் கிளவுட்டில் இருப்பதும் குப்பைக்குப் போகும். காப்பி ஆனதும் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, வெளி டிஸ்க்கில் நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள். அதன் பிறகே ஒன்டிரைவ் செட்டிங்ஸில் 'சிங்க் அண்ட் பேக்கப்', 'மேனேஜ் பேக்கப்' போய் மூன்று பொத்தான்களையும் அணையுங்கள். அணைத்ததும் டெஸ்க்டாப் காலியாகத் தெரியலாம், 'வேர் ஆர் மை ஃபைல்ஸ்' என்று ஒரு குறுக்குவழி மட்டும் நிற்கலாம். பதற வேண்டாம். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கின்றன. அங்கிருந்து பழைய டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்துகொள்ளலாம்.

அச்சகம், டிடிபி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பேக்கப் ஓடுகிறது என்று நம்பி எல்லாம் பத்திரம் என்று இருந்துவிடாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் சி டிரைவில் விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கின்றன. ஒன்டிரைவ் அதைத் தொடாது. எழுத்துரு போனால் பத்து வருடப் பேஜ்மேக்கர் கோப்புகளும் கல்யாணப் பத்திரிகைகளும் படிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். டாலி பிரைம் என்ற வரவுசெலவு மென்பொருளின் கணக்கும் வழக்கமாக யூசர்ஸ், பப்ளிக், டாலிபிரைம், டேட்டா என்ற இடத்தில் இருப்பதால் அதுவும் பேக்கப்பில் சேராது. இந்த இரண்டு ஃபோல்டரையும் வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் பற்றியும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. திருட்டுப் போனால் நல்லதுதான். ஆனால் மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனாலோ, பூட்டின் ரகசியத்தை வைத்திருக்கும் டிபிஎம் சிப்பின் விவரம் அழிந்தாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கிறது, எங்களிடம் இல்லை. சாவி இல்லாமல் அந்த டிஸ்க்கை நாங்கள் மட்டுமல்ல, எவரும் திறக்க முடியாது. சாவியை இன்றே பார்த்துத் தாளில் எழுதி, நகைப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். லேப்டாப் பைக்குள் வைக்காதீர்கள்.

"ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, அப்டேட்டுக்குப் பிறகுதான் கெட்டது" என்று நீங்கள் சொல்லும்போது நாங்கள் நம்புகிறோம். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்ததால் நான்கே நாளில் நிறுத்தி, நவம்பரில்தான் மறுபடி விட்டார்கள். சோதனைக்கு முன்வந்த பயனர்கள் சிலர் அதை முன்பே எழுதியிருந்தார்கள். குறைவான பேரே எழுதியதால் அது கவனிக்கப்படவில்லை. 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பின் பல கணினிகள் பிட்லாக்கர் சாவி கேட்டு நின்றன. 2025 அக்டோபர் 14 அப்டேட்டால், பழுதுபார்க்கும் ரெக்கவரி திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. 20-ஆம் தேதிதான் திருத்தம் வந்தது. பழுதைச் சரிசெய்யும் திரையிலேயே பழுது என்றால் கடையில் இருப்பவர்கள் என்ன செய்வது? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததும் அதே அக்டோபர் 14-தான்.

ஒரு நிறுவனத்தை மட்டும் சொல்வது நியாயமாகாது. கூகுள் டிரைவின் கணினிச் செயலியில் 2023 நவம்பரில் சிலருடைய கோப்புகள் காணாமல் போயின. ஐபோனில் 2024 மே மாதம் 17.5 அப்டேட்டுக்குப் பின், அழித்த பழைய போட்டோக்கள் சிலருக்குத் திரும்ப வந்து நின்றன. ஐபோன்காரர்களும் கவனிக்க வேண்டும். 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' ஆனில் இருந்தால் அசல் போட்டோ போனில் இருக்காது, வயர் போட்டுக் கணினியில் எடுத்தால் பாதிதான் வரும்.

எனவே கடையில் நடைமுறையை மாற்றியிருக்கிறோம். லேப்டாப்பை வாங்கும்போதே உங்கள் முன்னால் ஆன் செய்து, நீல மேகம் இருக்கிறதா, டிஸ்க் பூட்டியிருக்கிறதா, கணக்கு யார் பெயரில், ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்ற நான்கையும் ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். முன்பு எங்கள் ரசீதில் இந்தக் கேள்விகள் இல்லை. ஆன் ஆகாத கணினியென்றால் டிஸ்க்கைக் கழற்றி எங்கள் கணினியில் மாட்டி முதலில் முழுப் பிரதி எடுப்போம், பிறகே கைவைப்போம். 512 ஜிபிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். பிரதி 15 நாள் எங்களிடம் இருக்கும், அதன்பின் அழித்துவிடுவோம்.

பிரதி வைக்க டிஸ்க் நிறைய வேண்டும். மெமரி சிப்பெல்லாம் டேட்டா சென்டர்களுக்குப் போவதால் 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்எஸ்டி விலை எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எப்படி ஏறியது என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். விண்டோஸ் ஏற்றும் கூலி வரும் 1-ஆம் தேதி முதல் ரூ. 950 (இதுவரை ரூ. 600). மூத்த டெக்னீஷியன் வேலையை விட்டுச் சென்றதால் இரண்டு நாள் வேலைக்கு இப்போது நான்கு நாள் ஆகலாம்.

அந்தக் குரல்பதிவைக் கேட்ட பிறகும், "இவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள்" என்று குழுக்களில் எழுதிய அக்காமார், அண்ணன்மாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தாத்தா வாங்கிய பழைய டெஸ்க்டாப்பிலிருந்து பேரனின் கல்லூரி லேப்டாப் வரை எங்களிடமே கொண்டுவரும் குடும்பங்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. அந்த நம்பிக்கை எங்களுக்குக் கூலியைவிடப் பெரியது. கோப்பு காணாமல் போய் வருத்தத்தில் இருப்பவர்களிடம் எங்களுக்குக் கோபம் இல்லை. அந்த லேப்டாப்பையும் கணக்கு விவரத்தையும் கொண்டுவாருங்கள், 30 நாள் முடிவதற்குள் கிளவுட் குப்பைத்தொட்டியை உங்களோடு உட்கார்ந்து கூலி வாங்காமல் பார்த்துத் தருகிறோம்.

வரும்போது சார்ஜர், கணக்கின் மின்னஞ்சல், ஓடிபி வரும் போன், 48 இலக்கச் சாவி எழுதிய தாள் இந்த நான்கும் கையில் இருக்கட்டும். கடை காலை 10 முதல் இரவு 8 வரை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்ப்பது இப்போதைக்கு இல்லை.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்
அல்சூர், பெங்களூரு