கூண்டில் ரௌடி, வானத்தில் பின்வரிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் பறவைக் கூட்டங்கள் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். இருப்பதிலேயே பலசாலிப் பறவை தலைவனாகிவிடும், மற்றவை அதற்குக் கட்டுப்பட்டுப் பறக்கும் என்று எழுதியிருந்த இடத்தில் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கடலூர் முதுநகரில் என் வீட்டு மொட்டை மாடியில் பதினெட்டு வருடமாக ஹோமர் புறா, அதாவது தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் புறா, வளர்க்கிறேன். அப்படி ஒரு தலைவனை நான் பார்த்ததே இல்லை.

என்னிடம் ஒரு கறுப்பு ஆண் இருக்கிறது. கம்பு கொட்டினால் தட்டில் முதல் ஆள் அதுதான், பக்கத்தில் எது வந்தாலும் இறக்கையால் ஓர் அறை, கூண்டில் மேல்தட்டுப் பொந்து முழுக்க அதற்கே சொந்தம். சரி, இதுதான் முன்னால் போகும் என்று நினைத்துப் பண்ருட்டிக்குக் கொண்டுபோய்ப் பதினோரு புறாவைத் திறந்துவிட்டால், இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கிழக்கே, வீட்டுப் பக்கம், முதலில் திரும்புவது ஒல்லியாக ஒரு சாம்பல் பெட்டை. ரௌடி பின்னால் வருகிறது. ஒரு நாள் இல்லை, பல நாள்.

இது என் மாடியில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை. ஹங்கேரி, ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து புறாக்களின் முதுகில் சின்ன ஜிபிஎஸ் கருவி கட்டிப் பறக்கவிட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று திரும்பினால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இன்னொன்று அதைப் பார்த்துத் திரும்புகிறது, யார் யாரைப் பின்பற்றுகிறது என்பதில் ஒரு வரிசையே இருக்கிறது என்று காட்டினார்கள். 2013இல் அதே போன்ற கூட்டத்தைத் தரையிலும் கவனித்தார்கள். தீனித்தட்டில் யார் யாரை விரட்டுகிறது என்ற வரிசைக்கும் வானத்து வரிசைக்கும் சம்பந்தமே இல்லை! என் கறுப்பன் கதைதான்.

அப்புறம் எதுதான் முன்னால் போகும்? தனியாக விட்டாலும் வேகமாகப் பறக்கிற புறாதான் கூட்டத்திலும் முன்னால் போகிறது என்றது 2015 ஆய்வு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அது வழி தெரிந்ததால் முன்னால் போகவில்லை, முன்னால் போனதால் வழி நன்றாகப் படிந்துவிடுகிறது. பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து போகிறவருக்கு வழியில் உள்ள ஊரெல்லாம் மனப்பாடம், பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருகிறவருக்கு இறங்கும் இடம் மட்டும்தான் தெரியும், அது மாதிரி. துணிச்சலான சுபாவம் உள்ளவை வழிநடத்தும் வரிசையில் மேலே இருப்பதையும் 2018இல் பார்த்திருக்கிறார்கள். துணிச்சல் வேறு, அடாவடி வேறு. நம் ஊரில் புறா வாங்க வருகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, கூண்டுக்குள் கைவிட்டால் கொத்துகிற புறாதான் வேண்டும் என்பார்கள்.

அதோடு பயந்த புறாக்களை "தண்டம்" என்று தள்ளிவிடுவது நம் வழக்கம். நானும் ஒரு வருடம் அப்படி ஐந்தை விற்றேன். ஆக்ஸ்போர்டு பக்கம் வைத்தம் என்ற காட்டில் பட்டாணிக்குருவிகளை ஒவ்வொன்றாகத் தெரியாத அறைக்குள் விட்டு, எது துறுதுறுவென்று சுற்றிப் பார்க்கிறது, எது தயங்கி நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு காட்டில் யார் யாரோடு இரை தேடுகிறது என்று கவனித்தார்கள். துறுதுறுப்பானவை கூட்டம் விட்டுக் கூட்டம் தாவி நிறைய பேரோடு லேசாகப் பழகுகின்றன. தயங்குகிறவை சில பேரோடு மட்டும் நிலையாக ஒட்டிக்கொண்டு, கூட்டத்தின் நடுவில் இருக்கின்றன. இதைப் படித்தபோது விற்ற ஐந்தும் ஞாபகம் வந்தது, ஏனென்றால் அவற்றை விற்ற பிறகு என் கூட்டம் ஒன்றாக வீடு வருவது குறைந்து, இரண்டிரண்டாகவும் ஒற்றையாகவும்தான் வந்தது. அதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அந்தச் சமயம் எங்கள் தெருப்பக்கம் ஒரு வல்லூறும் சுற்றிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. கட்டுரைக்கு மேலே "தலைவன்" என்று பெரிதாகப் போட்டிருந்த படத்தில் இருப்பது விசிறிவால் புறா. அழகுக்கு வளர்ப்பது, பறப்பதில் ரொம்ப சுமார். அதன் பின்னால் என் கறுப்பன்கூடப் போகாது.

இப்படிக்கு,
புறா வளர்க்கும் வாசகர்,
கடலூர் முதுநகர்