சேற்றைச் சுற்றிப் போகாதீர்கள்: பென் லாவர்ஸ் ஏறும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானும் என் தோழியும் பென் கிளாஸ் ஏறி, முகட்டு வழியாகவே பென் லாவர்ஸுக்கும் போய்வந்தோம். ஒரே நாளில் இரண்டு மன்றோ. ஸ்காட்லாந்தில் 3000 அடியைத் தாண்டி, தனி மலை என்று பட்டியலில் இடம்பிடித்த 282 மலைகளுக்கு அந்தப் பெயர். இங்கே வண்டி நிறுத்துமிடமே ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 1214 மீட்டர் உயரமுள்ள பென் லாவர்ஸுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. கூட்டம் வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். நாம் கால் வைக்கும் இடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பென் கிளாஸ் ஏற்றத்தில் ஓரிடத்தில் பாதை சேறாகிக் கிடந்தது. முந்தின இரவு நல்ல மழை. முன்னால் போன பத்துப் பேரும் இடதுபக்கப் புல்லில் ஏறிச் சுற்றிப் போனார்கள். நானும் அங்கேயே காலை எடுத்து வைத்தேன். தோழி என் முதுகுப்பையைப் பிடித்து நிறுத்தி, "கீழே பாரு" என்றாள். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை மெத்தை, அதன் மேல் பொடிப்பொடியாக இளஞ்சிவப்புப் பூக்கள். மாஸ் கேம்பியன் என்பார்கள். அதில் பாதி பிய்ந்து, ஈரமான கறுப்பு மண்ணில் ஒரு பூட்ஸ் தடம் பதிந்திருந்தது. அந்தக் குளிரில், அந்தக் காற்றில், ஒரு செடி இந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இந்த மலையின் பாறை மென்மையானது, சுண்ணாம்புச் சத்துள்ளது. பிரிட்டனில் வேறெங்கும் அரிதான ஆல்பைன் செடிகள், அதாவது உயர்மலைச் செடிகள், இங்கே பிழைத்திருக்க அதுவும் ஒரு காரணம். அதே மென்மையால் மேல்மண் போனால் சரிவு சீக்கிரம் அரித்துப்போகிறது. நாம் ஒதுங்கி நடந்தால் புல் சாகிறது. வெறும் மண்ணில் மழைநீர் இறங்குகிறது. அங்கே புதுச் சேறு. அடுத்து வருகிறவர் இன்னும் இரண்டடி தள்ளி நடக்கிறார். ஒற்றையடிப் பாதை வண்டித்தடம் போல அகலமாவது இப்படித்தான்.

1950-இலிருந்து இந்த மலை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. மலைப்பாதை வேலை செய்கிறவர்களை எங்கேயாவது பார்த்தால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பெரிய கல்லை நிமிர்த்தி, பெரும்பகுதியை மண்ணுக்குள் புதைத்து, தட்டையான முகம் மட்டும் வெளியே தெரியும்படி ஒவ்வொன்றாக இறுக்குகிறார்கள். குறுக்கே சாய்வாகக் கல் பதித்துத் தண்ணீரைப் பாதையை விட்டு வெளியே திருப்புகிறார்கள். பல மலைகளில் கல்லே ஹெலிகாப்டரில்தான் வந்து சேருகிறது. அந்தப் படி காலுக்கு உயரமாக இருக்கிறது என்று பக்கத்துப் புல்லில் இறங்கினால் அத்தனை உழைப்பும் வீண்.

உச்சியில் மூடுபனி. ஒரே ஒரு நிமிடம் விலகி, கீழே டே ஏரி வெள்ளித் தகடாகத் தெரிந்தது. அங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது தோழி சொன்ன பழைய கதை இது. 4000 அடிக்குக் கொஞ்சம் குறைகிறதே என்று 1878-இல் சிலர் இந்த உச்சியில் 20 அடி உயரத்துக்குக் கற்குவியல் எழுப்பினார்களாம். வரைபடம் போடுகிறவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்று அந்தக் குவியலும் இல்லை. இவ்வளவு தூரம் கல் தூக்க ஆள் இருந்ததே என்று எனக்கு ஆச்சரியம். இன்று இந்த மலைக்குக் கல் வேண்டியது உச்சியில் அல்ல, பாதையில்.

"எங்கே வேண்டுமானாலும் நடக்க நமக்கு உரிமை இருக்கிறதே" என்று சிலர் கேட்பீர்கள். சரி, இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொடுத்த உரிமை. பொறுப்போடு நடக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன்: சேறு வந்தால் நடுவிலேயே நடங்கள். கணுக்கால் வரை தாங்கும் பூட்ஸும் கெய்ட்டரும் (பூட்ஸுக்குள் சேறு புகாமல் காலில் கட்டும் உறை) போட்டு வாருங்கள். ஊன்றுகோலைப் பாதைக்குள்ளேயே ஊன்றுங்கள். குழுவாக வந்தால் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்.

இறங்கும்போது அதே சேற்றுக்குள் நாங்கள் நேராக நடந்தோம். எதிரே வந்த ஒரு அம்மாவும் மகனும் ஒரு கணம் தயங்கி, அப்புறம் அவர்களும் சேற்றிலேயே இறங்கினார்கள்.

அன்புடன்,
உங்களோடு ஏறும் ஒருத்தி

கிளாஸ்கோ