கோஆ காடு குறைந்தது கிடாரால் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கையால் செய்யும் அக்கூஸ்டிக் கிடார்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கிடார் பழுதுபார்ப்பது என் தொழில். ஹவாயின் கோஆ மரம் அருகிப்போனதற்குக் கிடார் செய்பவர்களே காரணம் என்று அதில் ஒரு வரி வருகிறது. அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. (கோவா என்று எழுதினால் ஊர்ப்பெயர் ஆகிவிடும் என்பதால் கோஆ என்கிறேன்.)

இந்த மரம் ஹவாய்த் தீவுகளுக்கே உரியது. நம் வேல மரத்துக்குத் தூரத்துச் சொந்தம். அதைக் குடைந்துதான் ஹவாய் மக்கள் கடலோடும் ஓடங்கள் செய்தார்கள். 1879இல் மதீராவிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்கள் கையில் அது உகுலேலே என்ற நாலு தந்திச் சின்னக் கிடார் ஆனது. 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சி அமெரிக்கா முழுக்க ஹவாய் இசை மோகத்தைக் கிளப்பிவிட, மார்ட்டின் என்ற அமெரிக்கக் கிடார் நிறுவனமும் கோஆ கிடார் செய்தது.

காடு சரியத் தொடங்கியது அதற்கெல்லாம் வெகு முன்பு. 1793இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் வான்கூவர் ஹவாய் மன்னர் கமேஹமேஹாவுக்கு மாடுகளைக் கொடுத்தார். அவற்றை யாரும் கொல்லக் கூடாது என்று மன்னர் தடை போட்டார். மாடுகள் பெருகிக் காட்டுக்குள் புகுந்தன. கோஆ மரக்கன்று என்றால் மாட்டுக்கு உயிர். பெரிய மரங்கள் நின்றன, அடியில் கன்றுகள் தலையெடுக்க வழியில்லை. அப்புறம் மேய்ச்சலுக்காகவே காட்டை அழித்தார்கள்.

மாட்டை விலக்கி வேலி போட்டால் இந்த மரம் திரும்பி வருகிறது. கோஆ விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். மேல்மண்ணைக் கீறிவிட்டால் முளைக்கும். ஹவாயின் மௌனா கியா எரிமலைச் சரிவில் 1985இல் அமைந்த ஹகலாவ் சரணாலயத்தில், பழைய மேய்ச்சல் நிலத்தில் லட்சக்கணக்கான கன்றுகள் நட்டார்கள், பெரும்பாலும் கோஆ. இன்று அவற்றில் காட்டுப் பறவைகள் இரை தேடுகின்றன. டெய்லர் கிடார் நிறுவனமும் ஹவாயில் கோஆ வளர்ப்பில் இறங்கியிருக்கிறது.

கிடார்காரர்கள் மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. எல்லோருக்கும் அலை அலையாகச் சுருள் ரேகை ஓடும் பலகைதான் வேண்டும். அது கொஞ்சம் மரங்களில்தான் கிடைக்கும். ரேகை இல்லாத கோஆ ஒலியில் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. புதிதில் சற்றுக் கூர்மையாகப் பேசி, வாசிக்க வாசிக்கக் கனிந்து வரும். கட்டுரையோடு நீங்கள் போட்ட படங்கள் எல்லாமே சுருள் ரேகைக் கிடார்கள். அடுத்த முறை ஒரு சாதாரணக் கோஆ கிடாரையும் போடுங்கள், ஐயா.

– கிடார் பழுதுபார்க்கும் வாசகர், திருச்சி