மிஸ்ஸா, லாஸ்ட்டா?

அன்புள்ள முருகேசா,

நலம். மார்க் ஷீட் தொலைந்துவிட்டதென்று உன் மகள் கல்லூரிக்கு எழுதியிருக்கும் விண்ணப்பத்தைப் படித்தேன். மற்றதெல்லாம் சரி, முதல் வரிதான் இடிக்கிறது: 'ஐ மிஸ்டு மை மார்க் ஷீட்.' 'மிஸ் பண்ணிட்டேன்' என்று வீட்டில் பேசுவது அப்படியே தாளில் இறங்கிவிட்டது. வெள்ளைக்காரன் படித்தால், மார்க் ஷீட்டைப் பிரிந்து இந்தப் பெண் ஏங்கிக் கிடக்கிறாள் என்று நினைப்பான். பஸ்ஸை மிஸ் பண்ணலாம், ஊரை மிஸ் பண்ணலாம். கையில் இருந்ததைத் தொலைத்தால் 'ஐ ஹேவ் லாஸ்ட்'தான். அதன் நிகழ்கால வடிவமான 'லூஸ்' என்பதில் ஒரே ஒரு 'ஓ'. இரண்டு போட்டால் சட்டை தொளதொளவென்று இருக்கிறது என்றாகிவிடும்.

'மிஸ்ஸிங்' வேறு. இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். யார் எடுத்தார், எப்படிப் போனது என்று அந்தச் சொல் வாய் திறக்காது. புத்தகத்தில் 33ஆம் பக்கம் இல்லையா? 'பேஜ் 33 இஸ் மிஸ்ஸிங்.' அச்சகத்திலேயே விட்டுப்போயிருந்தாலும் இதுவே பொருந்தும். 'லாஸ்ட்' என்றால் முன்பு இருந்து பிறகு போனது. வகுப்புக்கு மூன்று பேர் வராவிட்டால் 'ஆப்சென்ட்'; 'மிஸ்ஸிங்' என்று குறித்தால் பெற்றோர் போலீஸுக்கு ஓடுவார்கள். குழம்பில் உப்புக் குறைவு, ஆளுக்கு அனுபவக் குறைவு, இதற்கெல்லாம் 'லேக்' (lack).

'மிஸ்பிளேஸ்டு' என்று எழுதலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். வைத்த இடம் மறந்துபோச்சு, தேடினால் கிடைக்கும் என்று அர்த்தம். 'அப்போ தேடிப் பாரும்மா' என்று குமாஸ்தா திருப்பி அனுப்பிவிடுவார்.

இதற்கு அண்ணன் தம்பி மாதிரி 'மிஸ்லெய்ட்' என்று ஒன்று உண்டு. அதற்கும் 'லாஸ்ட்'டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், 1866இல் தீர்ப்பான மெக்கவாய் எதிர் மெடினா. முடிவெட்டும் கடை மேசையில் ஒரு வாடிக்கையாளர் பணப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார், இன்னொருவர் கண்டெடுத்தார். சொந்தக்காரர் வரவே இல்லை. பை தானாக விழவில்லை, வைத்து மறந்தது, அதனால் 'லாஸ்ட்' இல்லை என்று சொல்லி, கண்டெடுத்தவரின் கோரிக்கையைத் தள்ளி, பணத்தைக் கடைக்காரரிடமே விட்டது நீதிமன்றம். நம் 'காணோம்' இத்தனை கேள்வி கேட்காது, பெருந்தன்மையான சொல்!

காவல்துறை இணையதளத்தில் எல்.டி.ஆர். போடும்போதும் இந்தக் கணக்குதான். அது 'லாஸ்ட் டாக்குமென்ட் ரிப்போர்ட்'. தொலைந்த ஆவணத்துக்கு மட்டும். பையோடு திருடு போயிருந்தால் 'ஸ்டோலன்'. அதற்கு ஸ்டேஷனில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். விண்ணப்பத்தில் ஒன்று, ரிப்போர்ட்டில் வேறொன்று என்று இருந்தால் மடக்கிக் கேட்பார்கள். பதிவு எண், தேர்வெழுதிய மாதம், வருடம் மூன்றையும் முதல் பத்தியிலேயே போடச் சொல். திருத்தியதை அனுப்பு, பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்