கேள்வியை வாங்கும் பக்கம்

அன்புள்ள சேகர்,

கடிதமும் வரைவும் வந்தன. வார்டுகளிலிருந்து வரும் மருந்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மருந்துத் தகவல் சேவைக்கு எஸ்.ஓ.பி., அதாவது செயல்முறைக் கையேடு, எழுதும் வேலை உன் தலையில் விழுந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். உனக்கு இல்லை என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது.

தேடுவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். கேள்வியை வாங்குவதற்கு அரைப் பக்கம். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. வார்டிலிருந்து போன் வரும்: "வான்கோமைசின் டோஸ் எவ்வளவு?" ஆன்டிபயாடிக்தானே என்று புத்தகத்தைப் புரட்டி ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம். நோயாளியின் எடை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், டயாலிசிஸ் உண்டா, கடைசி டோஸ் எப்போது ஏறியது, ரத்தத்தில் அளவு பார்த்தார்களா என்று கேட்காமல் சொன்னால் அது யாருடைய டோஸ்? கர்ப்பம் என்றால் எத்தனையாவது வாரம், மருந்தை ஏற்கெனவே சாப்பிட்டாயிற்றா, இனிமேல்தானா? தாய்ப்பால் என்றால் குழந்தையின் வயது என்ன, குறைமாதமா? வகைக்கு ஒரு பக்கமாகப் பிரித்துவிடு. போனை எடுத்தவர் அதைப் பார்த்தபடியே கேட்கட்டும். மருந்துக் கேள்விகளைக் கையாள 1975இல் வாட்டனபேயும் கூட்டாளிகளும் வகுத்த முறையிலேயே பின்னணி விசாரித்த பிறகுதான் தேடல் வருகிறது. 'அவசரம்' என்ற கட்டத்தையும் எடுத்துவிடு. எத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்று கேட்டு எழுதச் சொல்.

அப்புறம், தேடிக் கிடைக்காததையும் பதிவு செய்ய வேண்டும்: எந்தத் தரவுத்தளம், எந்தச் சொற்கள், எந்தத் தேதி. ஒரே குழாயில் இரண்டு ஊசிமருந்துகளைச் சேர்த்து ஏற்றலாமா என்ற கேள்விகளில் இது ரொம்ப முக்கியம். "தகவல் கிடைக்கவில்லை" என்று நாம் சொல்வது, வார்டில் "பிரச்சினை இல்லை" என்று ஆகிவிடும். அதைத் தடுக்க ஒரு மாதிரி வாக்கியத்தைக் கையேட்டிலேயே எழுதிக் கொடு.

எல்லாப் பதிலையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்கிறாய். சாயங்காலம் ஒருவர் மட்டும் இருக்கும்போது? பயிற்சியில் இருப்பவரின் பதில், பச்சிளங்குழந்தைகளுக்கான டோஸ், கணக்குப் போட்ட எதுவும் என்று கட்டாயத்தை அதற்குள் நிறுத்து. மற்றதில் மாதாமாதம் சிலவற்றை எடுத்துப் பார்த்தால் போதும். போனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதனால் எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். இது உன் வரைவில் எங்குமே இல்லை.

பதிப்பு எண், மறுபார்வைத் தேதி எல்லாம் சரி. மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கும் பழைய அச்சுப்பிரதிகளைப் பொறுக்கி எடுக்க யாராவது ஒருவரின் பெயரைப் போடு.

இங்கே எல்லோரும் நலம். மகள் பார்மசி படிக்கிறேன் என்கிறாள். தடுக்கவில்லை.

அடுத்த வரைவை எனக்கு அனுப்பும் முன், புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் கொடு. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பழைய கேள்விக்குப் பதில் தயார் செய்யட்டும். எங்கெல்லாம் எழுந்து உன்னிடம் வருகிறார் என்று குறித்து, அதையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
ரவி