400 மீற்றர் கேபிள் பற்றி

கல்லடி

அன்பின் மச்சான்,

பதில் போடாம இழுத்தடிச்சதுக்கு நீ ஏசினது நியாயம்தான். இஞ்ச எல்லாரும் சுகம், மாமி உன்னை விசாரிச்சவ. வாற கிழமை பழைய பாலத்துட அதிர்வை அளக்க நீ ஒளி நார் இழுக்கப் போறாயாம் எண்டு தம்பி சொன்னான். இழுக்க முதல் இதை வாசி.

நீ அனுப்பின படத்தில, லேசரை விட்டு அளக்கிற பெட்டிக்கும் கிரேற்றிங்குக்கும் (நாருக்குள்ள ஒரு அலைநீளத்தை மட்டும் திருப்பி விடுற இடம், இழுபட்டால் அந்த அலைநீளம் மாறும்) இடையில 400 மீற்றர் நார். லேசர் 1510 நனோமீற்றரில இருந்து 1590 வரை ஏறி இறங்குது, செக்கனுக்கு 1000 தரம். அப்ப ஏற்றத்துக்கு 500 மைக்ரோசெக்கன். ஒரு மைக்ரோசெக்கனுக்கு அலைநீளம் 160 பிக்கோமீற்றர் நகருது. ஒளி 400 மீற்றர் போய்த் திரும்ப 3.9 மைக்ரோசெக்கன் வேணும். அதுக்குள்ள லேசர் 0.63 நனோமீற்றர் தாண்டிப் போயிரும். பெட்டி அந்தத் தாண்டின இடத்திலதான் கிரேற்றிங் நிக்குது எண்டு எழுதி வைக்கும். ஒரு மைக்ரோவிகாரத்துக்கு (நீளத்தில பத்து லட்சத்தில ஒரு பங்கு இழுவை) 1.2 பிக்கோமீற்றர் எண்டு பிரிச்சுப் பார்: 520 மைக்ரோவிகாரம்! நீ பிடிக்க நினைக்கிற அதிர்வு பத்து, இருபது.

"மாறாத பிழைதானே, கழிச்சு விட்டாப் போச்சு" எண்டு அப்புக்காத்து மாதிரி வாதாடுவாய். லேசர் ஒரே வேகத்தில ஓடினால் சரி. ஓடாதே! நடுவில வேகம், திரும்புற ஓரங்களில மெது. அதால 1520 கிரேற்றிங்குக்கு ஒரு பிழை, 1550க்கு வேறொண்டு. வேகத்தைச் செக்கனுக்கு 5000 ஆக்கினால் பிழையும் ஐந்து மடங்காகி 3 நனோமீற்றரைத் தாண்டும். ஒரு கிரேற்றிங் திருப்பி விட்ட ஒளிட உச்சி, பக்கத்துக் கிரேற்றிங்குட எல்லைக்குள்ள போய் நிக்கும். பெட்டிக்கு உள்ளுக்கு இருக்கிற எற்றலோன் (அலைநீள அளவுகோல்) இதைத் திருத்தாது. இப்ப வெளிய போற ஒளிட அலைநீளத்தைத்தான் அது சொல்லும், திரும்பி வந்த ஒளி எப்ப புறப்பட்டது எண்டு அதுக்குத் தெரியாது.

வழி இருக்கு. ஏற்றத்தில உச்சி நீண்ட பக்கம் தள்ளும், இறக்கத்தில குறுகிய பக்கம். ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் உண்மை, கழிச்சுப் பாதியாக்கினால் பிழை; அதை அந்த இடத்து வேகத்தால பிரிச்சால் தாமதம். ஆனா மச்சான், பாலம் ஆடக்குள்ள அந்தப் பாதியாக்கலைச் செய்யாதே. அலைநீளப் பட்டைக்கு நடுவில இருக்கிற கிரேற்றிங்கை ஏற்றத்தில பார்த்து 500 மைக்ரோசெக்கனுக்குப் பிறகுதான் இறக்கத்தில பார்க்கிறாய், அதுக்குள்ள இரும்பு நகர்ந்திரும். பாலம் சும்மா கிடக்கிற நேரம் சில செக்கன் அளந்து, ஒவ்வொரு கிரேற்றிங்குக்கும் தாமதத்தை எடுத்து வை. மறுகா ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியாத் திருத்து, அந்தந்த இடத்து வேகத்தால பெருக்கி. அப்ப செக்கனுக்கு 2000 வாசிப்பு கிடைக்கும், ஆனா இடைவெளி சமனில்லை. ஒவ்வொண்டுக்கும் அதுட நேரத்தைச் சேர்த்து எழுது, இல்லாட்டி உன்ட மீடிறன் (அதிர்வெண்) வரைபில இல்லாத பிசாசெல்லாம் வரும்.

பிசாசுக்கு இன்னொரு வாசல், பாலத்தைத் தட்டி அதிர வைக்கிற சுத்தியல். ஏற்றம் மட்டும் எடுத்தால் 500 ஹேட்ஸ்தான் (செக்கனுக்கு 500 அதிர்வு) எல்லை. அதுக்கு மேல வாறது மடிஞ்சு, குறைஞ்ச மீடிறன் மாதிரிக் கீழ விழும். மின்சுற்றில வடிகட்டி போட்டுத் தடுக்கேலாது, ஏனெண்டா இடைவிட்டு இடைவிட்டு வாசிக்கிறதே ஒளியில நடந்து முடிஞ்சிரும். அந்த மேல் அதிர்வு எழும்பாம, சுத்தியலுக்கு இரும்புத் தலையை விட்டிட்டு ரப்பர் தலை போடு.

கனெக்டர் எல்லாம் பச்சைத் தலை, 8 பாகைச் சரிவு உள்ளது. நீலத் தலை ஒண்டு திறந்து கிடந்தால் 4 சதவீத ஒளி திரும்பி வந்து உச்சிக்குக் கீழ இருக்கிற ஒளி மட்டத்தைக் கெடுக்கும். அங்க இருந்தும் ஒளி திரும்பாம, நாருட கடைசி நுனியை மெல்லிய ஆணியில சில சுற்று இறுக்கிச் சுத்து. வளைவு தாங்கிற நார் எண்டால் அது அவ்வளவு பலிக்காது, ஜெல்லில வை.

வெயிலுக்குப் பயப்படாதே. இரும்பில ஒட்டின கிரேற்றிங் ஒரு பாகைக்கு 25 பிக்கோமீற்றர் அளவு நகரும்தான், ஆனா அது ஆறுதலா வாறது, 0.1 ஹேட்ஸுக்குக் கீழ வெட்டி விடலாம். நிலையான விகாரமும் வேணும் எண்டால் மட்டும் ஒட்டாத கிரேற்றிங் ஒண்டு பக்கத்தில தொங்கட்டும். பெயின்றைச் சுரண்டி, உப்பைத் துடைச்சு, மறுகா ஒட்டு. சுப்பர்குளு ஒரு நாளைக்கு நிக்கும், வாவிக் காத்துக்கு மாதக்கணக்கில நிக்காது.

வாவிக்குள்ள பாடுதெண்டு சொல்ற பாடுமீன் இதில கேக்குமா எண்டு கேட்டிருந்தாய். சட்டத்தில ஒட்டினதுக்குக் கேக்கவே கேக்காது, அந்த ஆசையை வேற பெட்டிக்கு வைச்சிரு.

தாமதம் எடுக்கிற நிரலை நான் எழுதித் தாறன். வரக்குள்ள ஏற்றம் இறக்கம் ரெண்டும் வெட்டாத பதிவு ஒண்டும், கேபிள் சுருளில எழுதியிருக்கிற நீளமும் கொண்டு வா. தாமதத்தில இருந்து கணக்கில வாற நீளம் அதோட ஒத்து வராட்டி, அண்டைக்கு ஏணியில ஏறாதே.

உன்ட மச்சான்